இரவல் கல்

குரங்குகள் தாங்கள் இரவல் கொடுத்த கல்லைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்து, எங்கள் தெருவுக்கு முறை வந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. வீட்டுக்கு ஒரு கல். எப்போது கொடுத்தார்கள் என்று அவர்களுக்கும் ஞாபகமில்லை, எங்களுக்கும் இல்லை. மனிதர்கள் மனிதர்களாவதற்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கியது நிஜம் என்பதால் தெருவில் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை.

எந்தக் கல் என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. கேட்டதும் கால் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். எதிர்வீட்டுத் தணிகாசலம் அதைத் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமல் இருக்க வைத்திருந்தார். முனை வீட்டில் அது ஸ்கூட்டர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தது. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் இருந்தது. எங்கள் தரை ஒரு பக்கம் சரிவு. அந்தக் கல் இல்லாவிட்டால் மெஷின் துணி அலசும்போது நடக்க ஆரம்பித்துவிடும். உள்ளங்கையை நிறைக்கிற கல்தான். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் நடுவில் ஒரு சின்னக் குழி.

பல்லாவரம் மலையில் இருப்பவர்களை நாங்கள் மலைக்காரர்கள் என்போம். முகத்துக்கு நேரே குரங்கு என்று சொன்னால் நன்றாக இருக்காது. எங்கள் ஊரில் முன்பொரு காலத்தில் கிடைத்த கற்கோடரியைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அதை மலைக்காரர்கள் கேட்கவில்லை. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். புழக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்டார்கள்.

முதலில் கொடுத்தவர் தணிகாசலம். தெரு நலச்சங்கத்தின் செயலாளர் அவர். எதிலும் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர். தொட்டி மூடியிலிருந்து கல்லை எடுத்து, மதில்மேல் உட்கார்ந்திருந்தவரிடம் "இந்தாங்க சார்" என்று நீட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் அவருடைய செல்போன் தன் வேலையை மறந்தது. அடுத்து டிவி மறந்தது, பிறகு மிக்ஸி, பிறகு ஃபேன். வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் அந்த வீட்டுக் கல்லுக்குப் பிறந்தவை. அவற்றில் கடைக்குட்டிகள் முதலில் போகும், மூத்தவை கடைசியில் போகும். மறுநாள் காலையில் கத்திரிக்கோலும் கத்தியும் போயின. எதுவும் காணாமல் போகாது. கத்தி கத்தியாகத்தான் இருக்கும். வெண்டைக்காய் மேல் வைத்து அழுத்தினால் வெண்டைக்காய் நசுங்கும்.

ஒரு வாரம் கழித்து அவர் ஏதோ ஞாபகத்தில் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். அங்கே தன் கல்லைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. திருத்தணியிலிருந்து அவருடைய சம்பந்தி. அதிலிருந்து தினமும் சாயங்காலம் போன் பேச மலைக்குப் போய்விடுகிறார். கல் எங்கே இருக்கிறதோ, அதற்குப் பிறந்தவை அங்கே வேலை செய்யும். இதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். முனை வீட்டுக்காரர் சவரம் செய்துகொள்ளவே மலையேறினார்.

ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. அவலை ஊறவைத்துத் தின்றார்கள், தேங்காயைத் தரையில் மோதி உடைத்தார்கள், இருட்டியதும் படுத்தார்கள். "தூக்கம் பிரமாதமா வருதும்மா. பிபி எறங்கிடுச்சு. நீங்களும் சட்டுபுட்டுனு குடுத்துடுங்க" என்று தணிகாசலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் மற்றவர்களையும் கூப்பிடுவார்களே, அந்தக் குரல்.

நான் கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. என் கணவர் சவரிராயனின் நெஞ்சில், இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே, பேஸ்மேக்கர் இருக்கிறது. நாங்கள் அதைப் பெட்டி என்போம். வைத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வாஷிங் மெஷினைவிடச் சின்னது, வயதிலும். கல்லைக் கொடுத்தால் அதுதான் முதலில் மறக்கும். அது மறந்தால் அவருடைய இதயமும் மறந்துவிடும். இதைத் தணிகாசலத்திடம் சொன்னபோது, "அப்பிடியா" என்றார். பிறகு, "இருந்தாலும் அடுத்தவங்க பொருள் இல்லையா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து உடை மாற்றிய நேரத்தில், மலைக்காரம்மா ஒருவர் வாசலில் நின்றார். நடுத்தர வயது. தலைமுடி நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் படிய இருந்தது.

"வாங்கம்மா, உள்ள வாங்க" என்றேன்.

"பரவால்லக்கா. சும்மா இப்பிடிப் போனேன். அப்பிடியே பாத்துட்டுப் போலாம்னு."

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் சும்மாதான் வருவார்கள். நானே ஒருமுறை இட்லிப் பானையைத் திருப்பிக் கேட்கப் போய், அந்த வீட்டுப் பெண்ணின் படிப்பு, அவள் தலைமுடி கொட்டுவது எல்லாவற்றையும் அரைமணி நேரம் விசாரித்துவிட்டுப் பானையைக் கேட்காமலே திரும்பியிருக்கிறேன். வாங்கியவருக்குக் கூச்சம் இருக்காது, கொடுத்தவருக்குத்தான் கூச்சம்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். வேர்க்கடலை வைத்தேன். மழை சரியாகப் பெய்யவில்லை என்றார், ஆமாம் என்றேன். இதற்குள் என் கணவர் பனியனோடு உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மேல் பொத்தான் இரண்டையும் போடவில்லை. அது மறதி அல்ல. இவருக்கு யார் வந்தாலும் பெட்டியைக் காட்ட வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக்கூடக் காட்டியிருக்கிறார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்பை ஒரு வரி விடாமல் படிப்பவர். படித்ததை எல்லாம் என்னிடம் ஒப்பிப்பார்.

"இங்க தொட்டுப் பாருங்க. தோலுக்கு அடியில இருக்கு" என்றார். "இதயம் சோம்பேறித்தனம் பண்ணுச்சுன்னா இது உள்ள ஒரு தட்டு தட்டும். அது முழிச்சிக்கும்."

மலைக்காரம்மா ஒரு விரலை அங்கே வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"எப்பவும் தட்டுமா?"

"அது மறந்தா மட்டும்."

"மறக்கறது இதுக்கு எப்பிடித் தெரியும்?"

"காத்துக்கிட்டே இருக்கும்மா. அதுக்கு வேற வேலை இல்ல."

மலைக்காரம்மா கடலையை மென்றபடி என் கணவரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பி வாசல்வரைக்கும் போய், எங்கள் செருப்புகளைக் குனிந்து பார்த்து, நிமிராமலே சொன்னார்.

"அப்புறம் அக்கா, அந்தக் கல்லு. அவசரமில்ல. ஒங்க வேல முடிஞ்சப்புறம்."

"எங்க வேல இன்னும் முடியலம்மா" என்றேன். அது பொய் இல்லை.

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு மதிலேறிப் போய்விட்டார்.

என் நாத்தனார் பிலோமினா அக்காவிடம் போனில் சொன்னேன். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு அமலோற்பவம். வந்து பீரோவத் தொறந்தா தேடப்போறாங்க?" என்றார். அவருக்குத் திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். எங்கள் வாஷிங் மெஷின் நேராக நிற்பதைப் பார்த்தாலே கல் இருப்பது தெரிந்துவிடும்.

அதனால் வேறொரு வேலை செய்தேன். ரயில் தண்டவாளத்து ஓரமாகப் போய், அதே அளவில் ஒரு கருங்கல்லைப் பொறுக்கி வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் குரோம்பேட்டையில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவைக் கவனித்தவள் நான். ஒரே ஜோடியில் இடதும் வலதும் வேறு வேறு தோலாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி சாயம் ஏற்றத் தெரியும். கல்லில் எண்ணெய் தடவி, தேய்த்து, வெயிலில் வைத்து, நடுவில் ஆணியால் ஒரு குழியும் செய்தேன். பார்வைக்கு அதுவேதான்.

மலைக்காரம்மா அடுத்த முறை சும்மா வந்தபோது அதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர், இடுப்பில் வைத்திருந்த ஒரு வாதாம் கொட்டையை எடுத்து எங்கள் வாசற்படியில் வைத்து ஒரு போடு போட்டார். கொட்டை அப்படியே இருந்தது. கல்லிலிருந்து ஒரு சில்லு தெறித்துப் போய்க் காலண்டருக்குக் கீழே விழுந்தது. கல்லை முகர்ந்து பார்த்தார். பிறகு அதைப் பக்குவமாகத் தரையில் வைத்தார்.

"இது வேற யாரோடதோ போலருக்குக்கா. எங்கயாவது மாறிப் போயிருக்கும்."

பொய் சொன்னாய் என்று சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். மாறிப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே போய், இல்லாத பாலைக் காய்ச்சுகிற மாதிரி கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன்.

திரும்பி வந்தபோது என் கணவர் அந்தச் சில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஏதோ படித்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"அம்மா, ஒரு கேள்வி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "நீங்க கொட்டை உடைக்கிற கல்லுதான குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"உடைக்கும்போது கை தவறி இந்த மாதிரி சில்லு தெறிச்சிச்சு. யாரும் வேணும்னு செய்யல. அந்தச் சில்லுதான் கத்தியாச்சு. கத்தியிலருந்துதான் மத்த எல்லாம். அப்போ இந்தப் பெட்டி கல்லுக்குப் பொறந்ததா, சில்லுக்குப் பொறந்ததா?"

மலைக்காரம்மா தலையைச் சொறிந்தபடி யோசித்தார். அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவர் அல்ல.

"சில்லுக்குத்தான்" என்றார்.

"சில்லு யாரோடது?"

"கீழ கெடந்தத யாரு எடுத்தாங்களோ அவங்களோடது."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் ஜெயித்த முதல் வழக்கு மாதிரி ஒரு பார்வை.

"கல்லு எங்களோடது" என்றார் மலைக்காரம்மா.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மூன்று பேருக்கும் சர்பத் போட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக யாரும் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை.

"இவ்வளவு காலம் சும்மா இருந்துட்டு, இப்ப எதுக்கும்மா கேக்குறீங்க?"

மலைக்காரம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்லயும் அவருக்கு இப்பிடித்தான்கா. ஒரு கெளையிலருந்து இன்னொரு கெளைக்குப் போறதுக்குள்ள ஒக்காந்துர்றாரு. நெஞ்சுல காதை வச்சா, இருக்கும், அப்புறம் இருக்காது, நான் கத்துவேன், திரும்ப இருக்கும். மலையில இன்னும் ரெண்டு மூணு பேருக்கு இப்பிடி இருக்கு. கீழ இருக்கறவங்ககிட்ட இதுக்கு என்னமோ இருக்குன்னு மட்டும் தெரியும். என்னான்னு தெரியாது. அன்னிக்கு அண்ணன் நெஞ்சைத் தொட்டப்பதான், இதுதான்னு தெரிஞ்சிச்சு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரலாமே. நான் கூட வரேன்" என்றேன்.

"குடுத்த எடத்துல போய் நாம வாங்கறதாக்கா? அது நல்லாருக்காது. நாங்களே செஞ்சிக்கறோம். கல்லுலருந்து ஆரம்பிச்சா அது வந்துரும்ல?"

"வந்துரும்" என்றார் என் கணவர். "கொஞ்ச நாளாகும்."

"ஆகட்டும். எல்லாரும் சேந்துதான் தட்டறோம்."

கொஞ்ச நாளாக மலையிலிருந்து பகல் முழுவதும் டொக் டொக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. தெருவில் நாங்கள் அதைக் கட்டட வேலை என்று நினைத்திருந்தோம்.

"எதுவரைக்கும் வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"நேத்து எங்க கொழுந்தன் தெறிச்ச சில்லைக் கீழ போடாம கையில வச்சிருந்தாரு. பொழுது சாயற வரைக்கும்."

"வச்சிக்கிட்டு என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யல. வச்சிருந்தாரு."

"நல்ல ஆரம்பம்" என்றார் என் கணவர். மனதாரச் சொன்னார்.

அவர்களுடைய குடும்பத்துக் கல் எங்கள் வீட்டில்தான் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள், மலைக்காரம்மா மட்டும் வெறும் கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதையும் அவர் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். போகும்போது வழக்கம்போல, "அவசரமில்லக்கா" என்றார்.

அவர் போனதும் என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"குடுத்துடு அமலு. ரொம்ப நாள் வச்சிருந்துட்டோம்."

பழைய பேப்பரைக் கடைக்குப் போட்டுவிடு என்று சொல்வாரே, அதே தொனி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவர் என்று பெயர் எடுப்பதற்காக உயிரைக் கொடுக்கிற ஆள் இவர் என்று எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும்.

"நீங்க போய்ட்டா நான் யாரோட சண்டை போடறது?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் ஞாயிறு இணைப்பில் வந்திருக்காது. எனக்கு அவர் வேண்டும். குறட்டை, பெட்டிப் பெருமை, படித்ததை ஒப்பிப்பது எல்லாவற்றோடும் வேண்டும். ஆனால் அந்த அம்மாளுக்கும் அவருடைய ஆள் வேண்டும். கல்லோ ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் தணிகாசலம் மலையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஏகத் திருப்தி.

"பேரன்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டேம்மா. கல்லை ஒட்டி ஒக்காந்துட்டா ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் நான் செய்ய வேண்டியது என்னவென்று பிடிபட்டது.

வாஷிங் மெஷினைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கல்லை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கித் துடைத்தேன். அதன் விளிம்பில் எங்கள் இரண்டு பேர் பெயரும் வெட்டியிருக்கும். இரவல் வாங்கியதைத் திருப்பும்போது எங்கள் வீட்டில் அதை மட்டும் தனியாகக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. பாத்திரமானால் உள்ளே ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். தணிகாசலம் வெறும் கல்லாகக் கொடுத்தது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இத்தனை காலம் வைத்திருந்த பொருளுக்குச் சர்க்கரையோ வாழைப்பழமோ போதாது. என் கணவரைக் கூட வைத்தேன். தாம்பாளத்தில் அவர் கொள்ளமாட்டார் என்பதால் தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"அமலு, நெஜமாவா?" என்றார்.

"கல்லை விட்டு நகராதீங்க. அவ்வளவுதான்" என்றேன்.

இரண்டு வேட்டி, மாத்திரைகள், போர்வை, அந்த வாரத்து ஞாயிறு இணைப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டேன். படியேறும்போது அவருக்கு முட்டி வலித்தது. உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். மேலே பாறை நெடுக மலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காரம்மா எழுந்து வந்து தாம்பாளத்தைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்தவரையும் பார்த்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"இருக்கட்டும்மா. வெறுமனே எப்பிடிக் குடுக்கறது?"

வாங்கிக்கொண்டார். கல் கை மாறியபோது நான் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி நிற்கவில்லை. உப்பு குறைத்துக் கொடுக்க வேண்டும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவிடக் கூடாது, பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றெல்லாம் சொன்னேன். மலைக்காரம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். இறங்கும்போது முதல் வளைவுவரைக்கும் அடக்கிக்கொண்டேன், அதற்கப்புறம் அழுதேன்.

வீட்டில் எல்லாம் வரிசைப்படி மறந்தன. மறுநாள் காலையில் கதவுத் தாழ்ப்பாளும் கத்தியும் போயின. கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். அவல் ஊறவைத்தேன். வீடு முழுக்க எனக்குக் கிடைத்திருந்தது, உட்காரத்தான் இடம் தெரியவில்லை. தூக்கம் நன்றாக வரும் என்று தணிகாசலம் சொன்னது எனக்குப் பலிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மலைக்காரம்மா தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் பின்னால், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நரைத்த பெரியவர் ஒருவர் நின்று நின்று வந்தார். வந்ததும் என் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"வெறும் தாம்பாளமாக் குடுக்க மனசு வரலக்கா" என்றார் மலைக்காரம்மா. "வீட்ல வேற ஒண்ணும் இல்ல."

"எதுக்கும்மா இதெல்லாம்" என்றேன்.

தன் வீட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும், எப்படிப் படுப்பார் என்றெல்லாம் சொன்னார். பேன் பார்த்துவிட்டால் சமர்த்தாகச் சாப்பிடுவார் என்றார். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். போகும்போது அவரும் முதல் வளைவுவரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவருடைய இதயம் சொன்னபடிதான் இருந்தது. இருக்கும், பிறகு இருக்காது. முதல் நாள் முழுவதும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, இல்லாதபோதெல்லாம் கத்தினேன். இரண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் கத்த வேண்டியிருந்தது. அதற்கப்புறம் தேவைப்படவில்லை. மலையிலிருந்து வருகிற சத்தத்தில் ஒன்று மற்றவற்றிலிருந்து விலகி, சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. சிக்னல் பிரிவில் இருந்தவருடைய கை அது, எனக்குத் தெரியும். பெட்டி சொல்கிற வேகத்துக்குத் தட்டுகிறார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். நெஞ்சில் காதை வைத்தேன். வெளியில் கேட்பதும் உள்ளே கேட்பதும் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தபோது எல்லாச் சத்தமும் குழம்பிக் கிடந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கேட்டால் என் கணவருடையது மட்டும் தனியாகத் தெரிகிறது.

இப்போது இப்படித்தான் போகிறது. பகலில் என் கணவர் தட்டுகிறார். ராத்திரியில் அதே வேகத்தைப் பழகிக்கொண்ட மலைக்காரர்கள் முறை வைத்துத் தட்டுகிறார்கள். மத்தியானம் மலையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது நான் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துத் தரையில் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே போகிறேன், மலைக்காரம்மா கீழே வருகிறார். நடுவில் பார்த்துக்கொள்ளும்போது, "அண்ணன் நல்லாருக்காரு" என்பார். "அவரும் நல்லாருக்காரும்மா" என்பேன். பெட்டிக்கு இன்னும் நாளாகும். கொழுந்தன் இப்போது சில்லை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியிருக்கிறாராம்.

ஒரே ஒரு தொந்தரவு விமானங்கள். விமான நிலையம் எங்களுக்குப் பக்கம். ஒவ்வொன்றும் தலைக்கு மேலே போகும்போது மலைச் சத்தம் அமுங்கிவிடும், பெரியவரும் அமுங்கிவிடுவார். நான் ஓடிப்போய்க் கொட்டாங்கச்சியை எடுப்பேன். போன வாரம் அந்தத் தொந்தரவும் நின்றது. அவற்றுக்குரிய கல்லை வைத்திருந்த வீட்டுக்காரர் யாரோ, திருப்பிக் கொடுத்துவிட்டார். வானம் காலியாகிவிட்டது. டொக் டொக் என்பது தெரு முழுவதும் கேட்கிறது.

இன்று காலையில் ஒரு விமானத்தை எங்கள் தெரு வழியாக மலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தணிகாசலம் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டு முன்னால் போனார். இறக்கை எங்கள் மதிலில் உரசாமல் இருக்கக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்கள். வாழையிலையில் கட்டி வைத்திருந்த அவலைக் கொடுத்து, மேலே சவரிராயன் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்றேன். பைலட் அதை வாங்கித் தன் இருக்கையில் வைத்துக்கொண்டார்.

"கல்லுகிட்டப் போனதும் இஞ்சினைப் போட்டுடாதீங்க" என்றேன். "அவர் தட்டிக்கிட்டிருப்பார். இங்க ஒருத்தர் தூங்கறார்."

"இல்லம்மா. பயணிங்ககிட்டயும் சொல்லிட்டோம்" என்றார். வரிசையாகத் தள்ளிக்கொண்டு போன பயணிகள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.